பெட், பேட்டி, ஒரு கூண்டு வண்டி: ‘லிட்டில் ஹவுஸ் ஆன் த பிரெய்ரி’யில் வரும் குதிரைகளைத் தமிழில் எப்படிச் சொல்வது?

#1 வாசிப்புத்திண்ணை

லாரா இங்கல்ஸ் வைல்டரின் ‘லிட்டில் ஹவுஸ் ஆன் த பிரெய்ரி’ (1935) 26 அத்தியாயங்களில் முடிகிறது. அமெரிக்கப் புல்வெளிக்குக் கூண்டு வண்டியில் போய் வீடு கட்டும் இங்கல்ஸ் குடும்பத்தின் கதை அது; வண்டியை இழுப்பவை பெட், பேட்டி என்ற இரண்டு குதிரைகள். 9 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்காக அதன் தமிழாக்கம் நடந்துகொண்டிருக்கிறது. வீடு கட்டுவது, கிணறு தோண்டுவது, அடுப்பு கட்டுவது எல்லாம் தமிழில் தடையில்லாமல் வந்துவிட்டன. குதிரை வரும் இடங்களில்தான் கை நின்றுவிடுகிறது. அந்தக் குதிரைகள் இல்லையென்றால் அந்தக் குடும்பம் ஓர் அடிகூட நகர்ந்திருக்காது. அதனால் அந்தப் பகுதிகளை மேலோட்டமாகத் தாண்டிப் போக மனமில்லை.

நான்கு கேள்விகள். வண்டியில் குதிரை பூட்டும் கருவிகளுக்கு என்ன சொல் வைப்பது? இரண்டாம் அத்தியாயத்தில் வண்டி ஓடையைக் கடக்கும்போது உண்மையில் என்ன நடக்கிறது? பெட், பேட்டி இரண்டும் மட்டக்குதிரைகளா? தலைப்புப் பக்கத்தில் ‘முன்னோடிக் குடும்பம்’ என்று போடலாமா?

#2 லாயம்

முதல் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். ஒரு பொறி இருக்கிறது. நம்மூர் மாட்டு வண்டியை மனதில் வைத்து ‘குதிரைகளை நுகத்தடியில் பூட்டினார்’ என்று எழுதினால் படமே தப்பாகிவிடும்.

மாடு திமிலுக்கு முன்னால் கிடக்கும் நுகத்தடியைத் தள்ளி இழுக்கிறது. குதிரைக்குத் திமில் இல்லை. அதன் பலம் தோளிலும் மார்பிலும் இருக்கிறது. அதனால் கழுத்தைச் சுற்றி வைக்கோல் திணித்த தடித்த தோல் வளையம் ஒன்று மாட்டுவார்கள். அதுதான் கழுத்துப்பட்டை. அந்த வளையத்தின் இரு பக்கமும் மரத்தாலோ இரும்பாலோ ஆன இரண்டு வளைந்த கம்புகள் இறுக்கிக் கட்டப்பட்டிருக்கும். அவற்றிலிருந்து இரண்டு இழுவை வார்கள் குதிரையின் விலா ஓரமாகப் பின்னுக்குப் போய், குதிரைக்குப் பின்னால் தொங்கும் ஒரு குறுக்குக் கட்டையில் மாட்டிக்கொள்ளும். ஒரு குதிரைக்கு ஒரு கட்டை. இரண்டு குதிரைகளின் கட்டைகளும் சேர்ந்து ஒரு பெரிய கட்டையின் இரு முனைகளில் தொங்கும். அந்தப் பெரிய கட்டை நடுவில் ஒரே ஆணியில் வண்டியோடு சேர்ந்திருக்கும். தராசுக்கோல் மாதிரி முன்னும் பின்னும் அசையும். ஒரு குதிரை பின்தங்கினால் அதன் பக்கம் பின்னுக்குச் சாயும், வண்டிக்காரருக்கு உடனே தெரிந்துவிடும். ‘தராசுக் கட்டை’ என்று சொன்னால் பிள்ளைகளுக்கு ஒரே சொல்லில் வேலை விளங்கும்.

ஆக, இழுப்பது தோள். அப்படியானால் அந்த வண்டியில் நுகம் போன்ற ஒரு கட்டை குதிரைகளின் கழுத்துக்கு முன்னால் ஏன் இருக்கிறது? அது ஏர்க்காலின் நுனியைத் தரையில் விழாமல் தாங்குவதற்கு; இறக்கத்தில் வண்டியைத் தடுப்பதற்கு. அந்த வண்டியில் பிரேக் இல்லாவிட்டால் குதிரைகள் பின்வாங்குவதுதான் பிரேக். தொடைக்குப் பின்னால் ஓடும் ஒரு அகலப் பட்டையில் உட்காருவதுபோல் குதிரை சாய, அந்தச் சுமை முன்கட்டை வழியாக ஏர்க்காலுக்குப் போய் வண்டியைப் பின்னுக்குத் தள்ளும். இதைத் தெரிந்துகொண்டால் செங்குத்துக் கரையில் வண்டி இறங்கும் இடங்களை மொழிபெயர்க்கும்போது தடுமாற்றம் வராது.

சொற்கள்: மொத்தத்துக்கும் ‘சேணம்’ போதும் என்று பலர் நினைக்கிறார்கள். வேண்டாம். சேணம் என்றதும் முதுகில் ஏறி உட்காருவதுதான் வாசகர் மனதில் வரும். ‘வண்டிச் சேணம்’ என்று ஒருமுறை சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு கழுத்துப்பட்டை, இழுவை வார், கடிவாளம், லகான் என்று பிரித்தே எழுதுங்கள்.

#3 ஆரக்கால்

வண்டிக்கு ‘கூண்டு வண்டி’ என்பது அச்சு அசலாகப் பொருந்தும் சொல். ஆனால் நம் கூண்டு வண்டிக்கு இரண்டு சக்கரம், பாரத்தில் ஒரு பங்கு மாட்டின் கழுத்தில் விழும். அது நான்கு சக்கர வண்டி. பாரம் முழுவதும் அச்சுகளில்தான். குதிரை இழுக்க மட்டும் செய்கிறது. முன் அச்சு திரும்பும், பின் அச்சு திரும்பாது. முதல் அத்தியாயத்திலேயே ‘நான்கு சக்கரக் கூண்டு வண்டி’ என்று ஓரிடத்தில் சொல்லிவிடுங்கள்.

அளவும் முக்கியம். படங்களில் வரும் படகு போன்ற பிரம்மாண்ட வண்டி இது இல்லை. அந்தக் காலப் பண்ணை வண்டியின் பெட்டி சுமார் 10 அடி நீளம், மூன்றரை அடி அகலம். அதன்மேல் வளைத்த மரப்பட்டைகளை நட்டு, ஆளி எண்ணெய் தடவிய பருத்தித் துணியை இழுத்துக் கட்டினால் கூண்டு. அந்த இடத்துக்குள்தான் படுக்கை, பாத்திரம், கருவிகள், பிள்ளைகள் எல்லாம். இதை உணர்ந்தால், அந்தக் குடும்பம் ஏன் இவ்வளவு குறைவான பொருட்களோடு கிளம்புகிறது என்று விளக்கவே வேண்டியதில்லை.

இன்னொன்று. ஆரம், வட்டை, குடம், பட்டா, கடையாணி என்று சக்கரத்துக்கான நம் சொற்கள் எல்லாம் அப்படியே செல்லும். உலர்ந்த காற்றில் மரம் சுருங்கி இரும்புப் பட்டா கழன்றுவிடும். சக்கரத்தைத் தண்ணீரில் ஊறவிடுவார்கள், அல்லது ஆப்பு அடித்து இறுக்குவார்கள். அச்சுக்கு நாம் வண்டி மை போடுவதுபோல் அங்கே பைன் மரத் தாரும் கொழுப்பும் கலந்து பூசுவார்கள். அந்த வாளி வண்டியின் பின்பக்கத்தில் தொங்கும்.

#4 வாசிப்புத்திண்ணை

@லாயம், ‘தராசுக் கட்டை’ நன்றாக இருக்கிறது, எடுத்துக்கொள்கிறேன். அந்தக் குதிரைகள் சிறியவை என்று ஆசிரியர் சொல்கிறார், அதேசமயம் கோவேறு கழுதை போல் பலம் என்றும் வருகிறது. இவ்வளவு பாரத்தை இரண்டு சின்னக் குதிரைகள் இழுப்பது நம்பும்படியாக இருக்கிறதா?

#5 லாயம்

நம்பலாம், தரை காய்ந்திருக்கும்வரை.

அவை மட்டக்குதிரைகள் அல்ல, மஸ்டாங்குகள் (அமெரிக்க மேற்குப் புல்வெளிகளில் திரிந்த குதிரை வகை) என்று கதையிலேயே அப்பா திருத்துகிறார். அதனால் ‘மஸ்டாங்’ என்றே வையுங்கள். 14 கை உயரம், அதாவது தோள்முகடு வரை 56 அங்குலம் என்று கொள்வோம் (ஒரு கை 4 அங்குலம்). எடை 350 முதல் 400 கிலோ. ஒரு குதிரை நாள் முழுக்கச் சோராமல் இழுக்கக்கூடிய விசை அதன் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு. இரண்டும் சேர்ந்தால் 70, 80 கிலோ. வண்டியும் பாரமும் சேர்ந்து ஒரு டன் என்றால், கெட்டியான மண் பாதையில் அதை நகர்த்த ஏறக்குறைய 40 முதல் 50 கிலோ விசை போதும். மழை பெய்து சேறானால் அதே வண்டிக்கு 100 கிலோவுக்கு மேல் வேண்டும். அப்போது அவை மூச்சைப் பிடித்துச் சில நிமிடங்கள் இழுக்கும், நிற்கும், மறுபடி இழுக்கும். வழியில் சேறு வந்தால் கதையின் வேகமே குறைவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

நாவலில் நேரடியாகச் சொல்லாத ஒன்றையும் கவனியுங்கள். வழியில் களைத்துப்போன பழைய குதிரைகளைக் கொடுத்துத்தான் இவற்றை வாங்குகிறார்கள். பெரிய குதிரையின் 23, 24 அங்குலக் கழுத்துப்பட்டை மஸ்டாங்குக்குத் தொளதொளவென்று கிடக்கும். சரியான பட்டையில், அடியில் மூச்சுக்குழலுக்கும் பட்டைக்கும் நடுவே விரித்த கை ஒன்று நுழைய வேண்டும். அதைவிட இறுக்கமானால் மூச்சு முட்டும். தளர்ந்தால் ஒவ்வோர் அடிக்கும் தோலில் தேய்ந்து தோள் புண்ணாகும். பல வாரப் பயணத்தில் குதிரை இளைக்கும், நேற்றுப் பொருந்திய பட்டை இன்று தளரும். அதனால்தான் அந்தக் காலத்து ஆட்கள் மாலையில் பட்டையைக் கழற்றியதும் உட்பக்கத்து வியர்வை உப்பைத் துடைப்பார்கள், தோளை உப்புத் தண்ணீரால் கழுவுவார்கள். இதைச் செய்யாதவரின் குதிரை ஒரு வாரத்தில் நொண்டும்.

#6 புல்லோசை

தீனிக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அதில்தான் ஒரு நாளின் அட்டவணையே இருக்கிறது. 400 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு உலர்ந்த கணக்கில் சுமார் 8 கிலோ புல் வேண்டும், வேலை செய்தால் இன்னும் கூடுதல். பச்சைப் புல்லில் பெரும்பங்கு தண்ணீர், ஆகவே மேயும் அளவு அதைப்போல் மூன்று, நான்கு மடங்கு. அதை மேய்ந்து முடிக்கப் பல மணி நேரம் ஆகும். மாடு அசைபோட்டு, கிடைத்த புல்லில் சத்தைப் பிழிந்துவிடும். குதிரைக்கு அந்த வயிறு இல்லை. அதனால் புல்லை மட்டும் நம்பி வண்டி இழுத்தால் குதிரை இளைத்துவிடும். தானியம் கொடுத்தாக வேண்டும். நம்மூரில் கொள்ளு, அங்கே சோளம், அதாவது மக்காச்சோளம். தமிழாக்கத்தில் வெறும் ‘சோளம்’ என்று போட்டால் வேறு பயிர் ஆகிவிடும். ‘மக்காச்சோளம்’ என்றே எழுதுங்கள்.

மத்தியானம் இரண்டு மணி நேரம் வண்டியை நிறுத்துவது, இரவில் முளையடித்து நீளக் கயிற்றில் மேயவிடுவது எல்லாம் இதற்காகத்தான். கயிறு 20 முதல் 30 அடி. அதற்கு மேல் நீளமானால் குதிரையின் குளம்புக்கு மேல் சுற்றிக்கொண்டு தோலை அறுக்கும்.

#7 ஆரக்கால்

ஓடை கடக்கும் காட்சிக்கு வருவோம். அதை எழுத ஆசிரியர் எடுத்துக்கொண்ட பக்கங்கள் குறைவு. ஆனால் அதில் நடப்பது ஒவ்வொன்றும் சரியான நடைமுறை.

பழைய சக்கரத் தடங்களைப் பார்த்து இது கடவு என்று உறுதி செய்கிறார் அப்பா. இறங்குவதற்கு முன் கூண்டுத் துணியை இறுக்கிக் கட்டுகிறார். பிள்ளைகளைப் படுக்கவைக்கிறார்கள். நடுவில் தண்ணீர் ஏறிவிடுகிறது. லகானை அம்மாவிடம் கொடுத்துவிட்டு அவர் தண்ணீரில் குதித்துக் குதிரையின் தலைக்குப் பக்கத்தில் போகிறார்.

ஏன் தலைக்குப் பக்கம்? நீரோட்டத்தில் மிதக்கத் தொடங்கிய வண்டி கீழ்ப்பக்கம் அடித்துச் செல்லப்படும். ஏர்க்கால் குதிரைகளின் பின்பாகத்தைத் தள்ள, அவற்றின் முகமும் நீரோட்டத்தோடு திரும்பிவிடும். கரையைப் பார்த்து நீந்த வைக்க வேண்டுமானால் தலையைத்தான் திருப்ப வேண்டும். அதை லகானால் செய்ய முடியாது. நீந்தும் குதிரையின் லகானை இழுத்தால் தலை பின்னுக்குப் போய், பின்பாகம் அமிழ்ந்து, குதிரை மல்லாந்துவிடும். ஆகவே உட்கார்ந்திருப்பவர் லகானைத் தளர்த்திப் பிடிக்க வேண்டும், ஆனால் விட்டுவிடக் கூடாது. விட்டால் கால்களில் சிக்கும். தண்ணீரில் இருப்பவர் தலைக்குப் பக்கவாட்டில் இருக்க வேண்டும். முன்னால் போனால் நீந்தும் முன்குளம்புகள் அடிக்கும்.

தண்ணீர் 4 அடி 8 அங்குலம் வந்தால் அந்தக் குதிரையின் தோள்முகடு மூழ்கிவிடும். ஆனால் வேகமான ஓட்டத்தில் வயிறு மட்டத்துத் தண்ணீரே கால்களை வாரிவிடும். இன்னோர் ஆபத்து, பண்ணை வண்டியின் பெட்டி சட்டத்தோடு ஆணியடித்து இணைக்கப்பட்டதல்ல. முளைகளுக்கு நடுவே சும்மா உட்கார்ந்திருக்கும். கயிற்றாலோ சங்கிலியாலோ கட்டாவிட்டால் பெட்டி தனியாக மிதந்து போய்விடும், குதிரைகள் சக்கரங்களோடு கரை சேரும்.

#8 லாயம்

@ஆரக்கால் சொன்னதில் ஒரு சிறிய சேர்க்கை. குதிரையின் தலையை மேலே தூக்கி வைக்கும் குறுவார் சில வண்டிச் சேணங்களில் இருக்கும். ஆற்றில் இறங்குவதற்கு முன் அதைக் கழற்றிவிடுவது முதல் வேலை. நீந்தும் குதிரை கழுத்தை நீட்டி, மூக்கை மட்டும் தண்ணீருக்கு மேல் வைத்துக்கொள்ளும். அதைத் தடுக்கும் எதுவும் ஆபத்து.

#9 பழம்பிரதி

எந்தப் பதிப்பிலிருந்து மொழிபெயர்க்கிறீர்கள்? இது அவசியமான கேள்வி.

1935 பதிப்பில் ஹெலன் சூவெல் வரைந்த படங்கள் இருக்கும். 1953இல் கார்த் வில்லியம்ஸ் புதிதாக வரைந்த படங்களோடு மறுபதிப்பு வந்தது. இன்று பரவலாகக் கிடைப்பது அதுதான். படம் மட்டும் மாறவில்லை. முதல் அத்தியாயத்தில் அந்தப் புல்வெளியைப் பற்றிச் சொல்லும் இடத்தில், அங்கே மனிதர்களே இல்லை, இந்தியர்கள் (அதாவது அமெரிக்கப் பழங்குடியினர்) மட்டும்தான் இருந்தார்கள் என்ற பொருள்பட 1935இல் இருந்தது. வாசகர் ஒருவர் அதைச் சுட்டி எழுதிய பிறகு, ‘மனிதர்கள்’ என்ற இடத்தில் ‘குடியேறிகள்’ என்று மாற்றினார்கள். உங்கள் கையில் உள்ள பிரதி எது என்று அறிய அந்த ஒரு வரியைப் பார்த்தால் போதும். பழைய மறுஅச்சு ஒன்றை வைத்து மொழிபெயர்த்து, ஆசிரியரின் சம்மதத்தோடு திருத்திய வரியைப் பழையபடி தமிழில் கொண்டுவந்துவிடாதீர்கள்.

#10 புல்லோசை

அதையொட்டியே நான்காவது கேள்விக்குப் பதில். ‘முன்னோடி’ வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. முன்னோடி என்றால் யாரும் போகாத வழியில் முதலில் போனவர். அது ஓசேஜ் என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலம். இங்கல்ஸ் குடும்பம் அங்கே இருந்தது 1869 முதல் 1871 வரை. ஓசேஜ் நிலத்தை விற்று அவர்களை இன்றைய ஒக்லஹோமாவுக்கு அனுப்ப வழிசெய்த சட்டம் 1870 ஜூலை 15இல்தான் நிறைவேறியது. அதற்கு முன்னால் அங்கே வீடு கட்டியவர்கள் சட்டப்படி அத்துமீறிக் குடியேறியவர்கள். ‘குடியேறிக் குடும்பம்’ என்பதே நேர்மையான சொல்.

#11 பழம்பிரதி

இதில் பாதிதான் ஒப்புக்கொள்வேன். அந்த வகை நாவல்களை ஆங்கில வாசகர்கள் ஒரு தனி வகையாகவே அடையாளம் காண்கிறார்கள், அந்த வகைக்குத் தமிழில் ‘முன்னோடி நாவல்’ என்ற பெயரை ஏற்கெனவே சிலர் எழுதுகிறார்கள். முன்னுரையில் அந்தச் சொல்லை ஒருமுறை சொல்லி, அது யாருடைய பார்வை என்று விளக்கிவிட்டு, கதைக்குள் ‘குடியேறி’ என்று வைக்கலாம். பின்னட்டையில் ‘முன்னோடி’ என்று விளம்பரமாகப் போடுவதை மட்டும் நானும் எதிர்க்கிறேன்.

#12 வாசிப்புத்திண்ணை

கதைக்குள் ‘குடியேறி’ என்பது முடிவாகிவிட்டது. ஊர் 40 மைல் தூரம் என்று நாவல் சொல்கிறது, உண்மையில் இல்லையாமே? அப்பா ஊருக்குப் போய்வர நான்கு நாள் என்பதைக் குறிப்பில் விளக்க வேண்டுமா?

#13 புல்லோசை

வீடு இருந்த இடம் கன்சாஸ் மாநிலத்து இன்டிபென்டன்ஸ் ஊரிலிருந்து சுமார் 13 மைல் என்று இப்போது கணித்திருக்கிறார்கள். அங்கே வாழ்ந்தபோது லாராவுக்கு 2 வயது முதல் 4 வயது. குடும்பத்தார் சொல்லக் கேட்டதைத்தான் பிற்காலத்தில் எழுதினார். ஆனால் கதைக்குள் கணக்கு இடிக்கவில்லை. பாரம் ஏற்றிய வண்டி ஒரு நாளைக்கு 20 மைல் போனால் போக இரண்டு நாள், வர இரண்டு நாள். கதைக்குள் ‘40 மைல்’ என்றே விடுங்கள். குறிப்பு வேண்டுமானால் நூலின் கடைசியில் ஒரு வரி போதும்.

குதிரைகள் தொடர்பாக, அவசரமாக மொழிபெயர்த்தால் காரணம் தொலைந்துபோகக்கூடிய மூன்று இடங்கள் உண்டு.

ஒன்று, ஓநாய்க் கூட்டம் சூழும்போது பேட்டி ஓடத் துடிக்கிறாள், அப்பா அவளை நடையிலேயே வைத்திருக்கிறார். இது வெறும் துணிச்சல் இல்லை. ஓடும் இரையைத்தான் ஓநாய் துரத்தும். ஓடியிருந்தால் அவள் பிழைத்திருக்க மாட்டாள். ‘இழுத்துப் பிடித்தார்’ என்று மட்டும் எழுதினால் குழந்தைக்கு அது ஏன் என்று புரியாது. மூலத்தில் உள்ள காரணத்தை விடாமல் கொண்டுவாருங்கள்.

இரண்டு, லாயக் கதவுக்குச் சங்கிலியும் பூட்டும். கடைசி அத்தியாயத்தில் வழியில் ஒரு குடும்பம் குதிரைகளைத் திருட்டுக் கொடுத்துவிட்டு வண்டியின் ஏர்க்காலில் உட்கார்ந்திருக்கிறது. அவர்கள் கயிற்றால் கட்டியிருந்தார்கள்; திருடன் கயிற்றை அறுத்துவிட்டான். கயிற்றைக் கத்தி சத்தமில்லாமல் அறுக்கும். சங்கிலியை உடைத்தால் ஊரே எழுந்துவிடும். எட்டாம் அத்தியாயத்துப் பூட்டுக்கு அர்த்தம் 26ஆம் அத்தியாயத்தில்தான் வருகிறது. இரண்டு இடத்திலும் ‘சங்கிலி’, ‘கயிறு’ என்ற சொற்களை மாற்றாமல் வையுங்கள். ஒரு இடத்தில் ‘கட்டி வைத்தார்’ என்று பொதுவாகப் போட்டால் இந்த முடிச்சு அவிழ்ந்துவிடும்.

மூன்று, புல்வெளித் தீ. குதிரையைவிட வேகமாகத் தீ வருகிறது. ஆகவே ஏறித் தப்பிக்க வழியில்லை. அப்பா வீட்டைச் சுற்றி ஒரே ஒரு உழவுச்சால் ஓட்டுகிறார், அதற்கு மேல் நேரமில்லை. பிறகு அந்தச் சாலுக்கு வெளியே தானே சிறு தீ வைக்கிறார். பெரிய தீ வந்து சேரும்போது எரிய ஒன்றும் இருக்காது. ஒரு சால் மட்டும் பெரிய தீயை நிறுத்தாது; சிறு தீ வீட்டுப் பக்கம் தாண்டாமல் இருக்கத்தான் அது. ஈரச் சாக்குகள் அதற்கும் தப்பி வரும் பொறிகளை அடித்து அணைக்க.

#14 லாயம்

அந்த உழவு பற்றி: யாரும் உழாத புல்வெளியில் வேர்ப்பின்னல் தோல்போல் கெட்டியாக இருக்கும். 12 அங்குல அகலச் சாலில் ஓர் ஏக்கர் உழுது முடிக்க எட்டேகால் மைல் நடக்க வேண்டும், திரும்பும் தூரம் சேர்க்காமல். இரண்டு மஸ்டாங்குகளுக்கு ஒரு நாளில் ஓர் ஏக்கரே அதிகம். கிளம்பும்போது அந்தக் கலப்பையை விட்டுவிட்டுப் போகிறார்கள் என்ற வரி அதனால்தான் கனமான வரி.

பெட் ஈனும் பன்னி என்ற குட்டியை ‘கழுதைக்குட்டி’ என்று எழுதிவிடாதீர்கள். பெட்டைக்குதிரைக்கும் ஆண் கழுதைக்கும் பிறந்த கோவேறு கழுதைக்குட்டி அது. குதிரையின் சினைக்காலம் சுமார் 11 மாதம், கோவேறு கழுதை வயிற்றில் இருந்தால் சற்றுக் கூடும். ஆகவே வாங்கும்போதே பெட் சினையாக இருந்தாள், சினையோடுதான் வண்டி இழுத்து வந்தாள். ‘பன்னி’ என்ற பெயரும் தமிழில் பன்றி ஆகிவிடும். ‘பனி’ என்றால் வேறு பொருள். ‘பன்னீ’ என்று நெடிலாக்கி, காது நீளத்தால் முயலின் செல்லப் பெயர் வைத்தார்கள் என்று சேர்ப்பது மேல்.

#15 வாசிப்புத்திண்ணை

பேட்டி என்ற பெயரும் இதே சிக்கல்தான். ‘பாட்டி’ என்று ஒலிபெயர்த்தால் ‘அப்பா பாட்டியின் மேல் ஏறினார்’ என்று வரும். ‘பேட்டி’ என்றால் நேர்காணல், ஆனால் மனிதரைக் குறிக்காததால் குழப்பம் குறைவு. அதையே வைத்துக்கொள்கிறேன்.

ஓடைக் காட்சியில் ‘அம்மா லகானை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்’ என்று எழுதியிருந்தேன். @ஆரக்கால் சொன்னபடி அது தவறு.

#16 ஆரக்கால்

‘இறுக்கி’யை எடுத்துவிடுங்கள். ‘விட்டுவிடாமல் பிடித்துக்கொண்டாள்’ போதும். லகான் தளர்ந்தே இருக்கட்டும்.